உதவி போன பின் நிற்பவர் யார்?

'அனைவர்க்கும் சுகாதாரம்' என்னும் தொடர் உலக மன்றங்களிலே பெருவழக்காகிவிட்டது. 1978 இல் அல்மா ஆத்தாவிலே கூடிய மாநாடு, 2000ஆம் ஆண்டளவில் உலக மாந்தர் அனைவர்க்கும் சுகாதாரம் கிட்ட வேண்டுமெனப் பிரகடனஞ் செய்தது. 2000 வந்தது, போயிற்று. 2012 டிசம்பரிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, 'அனைவர்க்குமான சுகாதாரப் பாதுகாப்பு' என்ற புதுப்பெயரிலே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 2015 இல் அதுவே 2030க்குள் எய்த வேண்டிய இலக்குகளுள் ஒன்றாயிற்று. 2019 செப்டெம்பரில் அரசுகளின் தலைவர்கள் நியூயோர்க்கிற் கூடி மறுபடியும் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். இத்தனைக்கும் பின்னர், 2021 இல், ஏறத்தாழ 450 கோடி மக்கள் இன்றியமையாத சுகாதார சேவைகளை முழுமையாகப் பெறாதிருந்தனர் என உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்தே கணக்குக் காட்டின. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுவதில்லை.

தீர்மானங்களைப் பழிப்பது எமது நோக்கமன்று. நல்ல தீர்மானம் போராடுபவன் கையிலே ஓர் ஆயுதம். எமது கேள்வி வேறு. ஒரு நாட்டின் சுகாதார அமைப்பைச் சீர்திருத்துவதற்குப் பிறநாடுகளும் உலக நிறுவனங்களும் வழங்கும் உதவியை எந்த அளவுகோலால் அளப்பது? கொடுத்த கோடிகளாலா? எழுப்பிய மாடிகளாலா? நாடா வெட்டிய அமைச்சர்களின் தொகையாலா? உதவ வந்தவர்கள் ஊரை விட்டுப் போன பின்னர், அங்கே சம்பளப் பட்டியலிலே பெயருள்ளவராய், அலுமாரியிலே மருந்துள்ளவராய், ஊர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராய் நிற்பவர் யார்? இதுவே எமது அளவுகோல். கொழும்பிலோ ஜெனீவாவிலோ இருந்துகொண்டு இதனைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றுந் தெரியாது. உடையார்கட்டிலே நின்று பிடித்துப் பார்ப்போம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலே, விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே அமைந்த ஊர் உடையார்கட்டு. குளத்து நீரை நம்பி வயல் செய்யும் மக்கள் வாழும் ஊர். உலக உதவி என்பது வரும்போது எப்படி இருக்கும், போகும்போது எப்படி இருக்கும், இரண்டையும் தன் கண்ணாலே கண்ட ஊர்.

2008 செப்டெம்பரிலே, ஐ.நா. நிறுவனங்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேற வேண்டுமென அரசாங்கம் பணித்தது. கிளிநொச்சியிலிருந்த ஐ.நா. அலுவலகத்தின் வாசலிலே மக்கள் திரண்டு, எம்மை விட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினர். வெள்ளை வாகனங்கள் போயின. அதன் பின்னர் இடையிடையே உணவு லொறிகள் வந்தன. 2009 ஜனவரியோடு தரைவழியே அவையும் நின்றன. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் சொந்த மீளாய்வு அறிக்கை, அந்த மாதங்களிலே தன் அமைப்புத் தன் கடமையிற் தவறிற்று என ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையை மதிக்கிறோம். ஆயினும் நாலு ஆண்டு பிந்திய வாக்குமூலம் காயத்துக்குக் கட்டும் துணியாக மாட்டாது.

2009 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அரசாங்கம் ஒரு 'பாதுகாப்பு வலயத்தை' அறிவித்தது. உடையார்கட்டும் சுதந்திரபுரமும் தேவிபுரமும் அதனுள் அடங்கின. மேற்கிலிருந்து மக்களோடு மக்களாக இடம்பெயர்ந்து வந்த வைத்தியசாலைகள், தற்காலிக இடங்களிலே பாய் விரித்து இயங்கின. அம்மாதத்தின் பிற்பகுதியில், அந்த வலயத்துக்குள்ளேயே, உடையார்கட்டிலே இயங்கிய தற்காலிக வைத்தியசாலையும் எறிகணைகளுக்கு இலக்காயிற்று. சுதந்திரபுரத்திலே, உணவுத் தொடரணியோடு வந்து தங்கிய ஐ.நா. பணியாளர் கண்முன்னேயே மக்கள் மாண்டனர். பெப்ரவரி தொடக்கத்தில், 500க்கு மேற்பட்ட நோயாளர் இருந்த புதுக்குடியிருப்பு வைத்தியசாலை தாக்கப்பட்டு ஒன்பது பேர் மாண்டதாகச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உலகுக்கு அறிவித்தது. 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, வைத்தியசாலைகளைத் திட்டமிட்டு எறிகணையால் தாக்கியமை பற்றி அரசாங்கப் படைகள்மீதும், மக்களை வெளியேறவிடாது தடுத்து அவர்கள் நடுவிலிருந்து போர் புரிந்தமை பற்றி விடுதலைப் புலிகள்மீதும், நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன எனக் கூறிற்று.

இவ்வறிக்கையிலே சுகாதாரத்தைப் பற்றிப் பேசுபவர் எவரும் மறக்கலாகாத இன்னொரு செய்தி உண்டு. வன்னியிலே சிக்கியிருந்தோர் ஓர் இலட்சத்துக்கும் குறைவு என அரசாங்கம் சொல்லிற்று. முடிவிலே முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் 2 இலட்சத்து 90 ஆயிரம் அளவினர். குறைத்துச் சொன்ன தொகைக்கேற்பவே உணவும் மருந்தும் போயின. சத்திரசிகிச்சைக்கு வேண்டிய பொருள்கள் மறுக்கப்பட்டன. மருந்து தலைக்கணக்கின்படி வருவது. எனவே கணக்கிலிருந்து ஒரு மனிதனை நீக்குவதும், அவன் வாயிலிருந்து மருந்தைப் பறிப்பதும் ஒரே செயலின் இரு பெயர்களாகும். 'அனைவர்க்கும்' என்று இன்று ஒருவர் கூறும்போது, அந்த அனைவரையும் எண்ணியவர் யார் என்று வன்னியான் கேட்பது இதனாலேயே.

அப்படியானால் அந்த மாதங்களிலே நின்றவர் யார்? கடல்வழியே நோயாளரையும் அவர்தம் உறவினரையுமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பலேற்றிக் காத்த செஞ்சிலுவைச் சங்கத்தை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கப்பலுக்கு வந்து சேரும்வரை அவர்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்தவர் அரசாங்கச் சம்பளப் பட்டியலிலே பெயருள்ள வைத்திய அதிகாரிகளும், தாதியரும், சிற்றூழியரும், அவர்களோடு சேர்ந்த உள்ளூர்த் தொண்டர்களுமே. 'நிரந்தர உத்தியோகம்' என்ற உப்புச் சப்பற்ற சொல்லுக்குப் பின்னாலே எத்தகைய மனித வலிமை இருக்கக்கூடும் என்பதை அவர்கள் காட்டினர். அதற்கு அவர்கள் பெற்ற பரிசு என்ன? அவ்வைத்தியர்கள் 2009 மேயில் தடுத்துவைக்கப்பட்டனர். ஜூலையிலே கொழும்பிற் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்னர் கூறிய இழப்புத் தொகைகளைத் தாமே மறுத்துரைத்தனர்.

இங்கே நாம் ஒரு முரண்பாட்டின்முன் நிற்கிறோம். வைத்தியருக்குச் சம்பளம் அனுப்பியதும் அதே அரசு. வைத்தியசாலையைத் தாக்கியதாகக் குற்றஞ் சாட்டப்பட்டதும் அதே அரசு. எனவே, 'வெளிநாட்டு உதவி வேண்டாம், எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்ளும்' என்று சொல்லிக் கைகழுவிவிட முடியாது. அரசு பொதுச்சேவையாவது, சேவை பெறுபவனுக்கு அது பதில் சொல்ல வேண்டியிருக்கும்போது மட்டுமே. இலங்கையின் இலவச சுகாதார சேவையின் வரலாறே இதற்குச் சான்று.

1931 இலே இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதுவரை கிராமத்தானின் காய்ச்சல் அவனுடைய சொந்த விடயமாக இருந்தது. அதன்பின் அது தேர்தல் விடயமாயிற்று. 1934-35 இல் மலேரியா கொள்ளை நோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தபோது, எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றனர். அந்தத் தொண்டிலே அவர்கள் கண்ட வறுமை அரசியலாயிற்று. 1935 டிசம்பரில் இலங்கையின் முதல் இடதுசாரிக் கட்சி பிறந்தது. வாக்குக் கேட்டுச் செல்லும் எவரும் வைத்தியசாலை கட்டித் தருவதாகச் சொல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாத நிலை உருவாயிற்று. 1951 இலே அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. தென்னாசியாவிலேயே மிகக் குறைந்த தாய்மரண விகிதங்களுள் ஒன்றை இந்நாடு எய்தியதன் வேர் இங்கே இருக்கிறது. இது எந்தக் கொடையாளியும் எமக்கு இட்ட பிச்சையன்று. வாக்கும் வரியும் கூடிப் பெற்ற பிள்ளை.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. வாக்குப் போன இடத்திலே வைத்தியசாலையும் நின்றுவிட்டது. நாட்டின் மற்றப் பகுதிகளிலே சுகாதாரம் உரிமையாக வளர்ந்தபோது, தோட்டத் தொழிலாளியின் உடல்நலம் துரைமாரின் தயவிலே விடப்பட்டது. நாட்டின் பெருமைமிகு சராசரிகளுக்குக் கீழே இன்றுவரை தோட்டப்புறம் தங்கி நிற்கிறது. இனக் கலவரங்களால் துரத்தப்பட்டு வன்னியின் குடியேற்றங்களிலே வந்து காடு திருத்திய மலையக மக்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் இரு முறை கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர்கள்.

இனி, வெளியுதவியின் வரலாற்றுக்கு வருவோம். நல்லதையும் தீயதையும் ஒரே நோயைக் கொண்டே காட்டலாம். 1926 இலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டபோது அதற்குத் துணைநின்றது றொக்பெல்லர் மன்றம். எண்ணெய் முதலாளியின் பணம் என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் அப்பணம் விட்டுச் சென்றது ஒரு முறையை: குறித்த நிலப்பரப்புக்கு ஒரு வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாது. அந்த முறையை நாடு தனதாக்கிக்கொண்டது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று நாம் அழைக்கும் பெண் அந்த மரபிலே வந்தவர். எமது அளவுகோலின்படி அந்த உதவி தேறிற்று.

மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் கதை வேறு. 1946 முதல் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. 1955 இல் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கிற்று. அமெரிக்கப் பணம் பெருமளவிற் பாய்ந்தது. 1963 இலே நாடு முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் தொகை வெறும் 17. வெற்றி என்று கொண்டாடினர், தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பைத் தளர்த்தினர். 1968-69 இலே நோய் திரும்பி வந்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் படுக்கையிலே கிடத்திற்று. வந்தார்கள், வென்றார்கள், போனார்கள். நுளம்பு மட்டும் போகவில்லை. 1999 இலும் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். வடக்கும் கிழக்குமே பெரும் பங்கைச் சுமந்தன. அதன்பின் கிடைத்த வெற்றி உண்மையானது. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் இந்நாட்டிலே பிறந்த மலேரியா நோயாளர் எவரும் அறியப்படவில்லை என்ற அடிப்படையில், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. இவ்வெற்றியிலும் உலக நிதியத்தின் பணம் இருந்தது. ஆனால் இம்முறை அப்பணம், போர்க்காலத்திலும் இரத்தப் பூச்சு எடுத்துக்கொண்டிருந்த நிரந்தரப் பணியாளரின் கையிலே சேர்ந்தது. பணம் ஒன்றே, அது யார் கையிற் சேர்ந்தது என்பதே வேறுபாடு.

அந்நியப் பணத்தை மட்டும் நம்பி நிற்பதன் ஆபத்தை அண்மையிலே உலகம் முழுவதும் கண்டது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஒரு கையெழுத்தினாலே வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தார். இன்னொரு கையெழுத்தினாலே உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் முடிவை அறிவித்தார். அதே ஆண்டு ஜூலை முதலாந் திகதி, அறுபது ஆண்டுக்கு மேல் இயங்கிய அமெரிக்க உதவி நிறுவனம் மூடப்பட்டது. ஆபிரிக்காவின் பல சிற்றூர்களிலே மருந்து கொடுக்கும் சிகிச்சை நிலையங்களின் கதவுகள் ஒரே வாரத்திற் சாத்தப்பட்டன. ஒரு மனிதனின் பேனா முனையிலே தொங்கும் மருந்தை உரிமை என்று எப்படி அழைப்பது?

எமது நாட்டுக்குத் திரும்புவோம். போருக்குப் பின்னர் வடக்கிலே கட்டிடங்கள் எழுந்துள்ளன. 2024 மேயில், நெதர்லாந்தின் உதவியோடு கட்டப்பட்ட மகளிர் சுகாதார நிலையம் கிளிநொச்சியிலே திறக்கப்பட்டது. இந்தியாவின் நன்கொடையாலே 2016 இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிய '1990' அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலையிலே வடக்குக்கும் வந்தது. இவற்றை இகழ்பவன் நோயாளியின் அருகே ஒருநாளும் நின்றிராதவன். நடு இரவிலே பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கு, தொலைபேசியில் அழைத்ததும் வரும் வண்டி பெரிய காரியந்தான். அந்த வண்டியோடு சம்பளம் பெறும் சாரதியும் பயிற்சி பெற்ற பணியாளரும் சேர்ந்தே வந்தனர் என்பதைக் கவனியுங்கள். ஆனால் வண்டி போய்ச் சேரும் இடத்திலே மகப்பேற்று வைத்தியர் இருக்கிறாரா? மயக்கமருந்து கொடுப்பவர் இருக்கிறாரா? இரத்தம் இருக்கிறதா? 'வெற்றிடம்' என்ற சொல் வன்னியின் வைத்தியசாலைகளிலே இத்தனை பழகிப்போனதற்குக் காரணம் என்ன? கட்டிடத்தின் நெற்றியிலே கொடையாளியின் பெயர்ப்பலகையைப் பதிக்கலாம். தாதியின் மாதச் சம்பளத்தின்மீது எந்தப் பலகையையும் பதிக்க முடியாது. ஆகவே முன்னதற்குப் பணம் வருகிறது, பின்னதற்கு வருவதில்லை.

'தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்று சில நண்பர்கள் கேட்பர். தானமாயின் பார்க்க வேண்டாம். வருவனவற்றுட் பெரும்பகுதி கடன் அன்றோ! 2018 இலே முதனிலைச் சுகாதாரச் சேவையை வலுப்படுத்துவதற்கென உலக வங்கி வழங்கிய 20 கோடி டொலரும் கடனே. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகிவரும் காலத்திலே, பெரிய வைத்தியசாலைகளுக்கு ஓடாமல் அண்மையிலுள்ள சிறிய வைத்தியசாலையிலேயே தொடர்ந்து பராமரிப்புப் பெற வேண்டும் என்ற அத்திட்டத்தின் கருத்து நல்லதே. ஆனால் காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லை மட்டுமன்று, குளம்பையும் பார்த்தே ஆக வேண்டும்.

2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்தது. மருந்துகளுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டிலே டொலர் இல்லாமற் போனபோது, சத்திரசிகிச்சைகள் தள்ளிப் போடப்பட்டன. மருந்துச் சீட்டுடன் ஏழைகள் தனியார் கடைகளுக்கு அனுப்பப்பட்டனர். 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் தர இணங்கிற்று. அதற்கு ஈடாக, 2025 முதல், வட்டி நீங்கலான செலவுக்கு மேல் வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியிலே 2.3 வீதம் மிஞ்ச வேண்டும் என்று இலக்கு வகுக்கப்பட்டது. அந்த மிச்சம் எங்கிருந்து வரும்? 2024 ஜனவரியிலே பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்டது. அரசாங்க சேவைக்கு ஆளெடுப்பு இறுக்கப்பட்டது. பல நூறு வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போயினர். ஒரு வோஷிங்டன் நிறுவனம் முதனிலைச் சேவையை வலுப்படுத்து என்று கடன் தருகிறது. அதே வீதியின் எதிர்ப்புறத்திலுள்ள இன்னொரு நிறுவனம் செலவைச் சுருக்கு என்று நிபந்தனை விதிக்கிறது. தாதியை விட்டுவிட்டுத் தாதியர் விடுதியைக் கட்டுவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும்.

இவ்விடத்திலே சீர்திருத்தவாதிகள் தங்கள் மந்திரத்தை எடுப்பர்: 'இலவச சேவை நாட்டுக்குக் கட்டாது, காப்புறுதிக்கு மாறுங்கள்.' கட்டாது என்பது பழைய பொய். பிரித்தானியா தன் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிய 1948 இல் அந்நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியின் இரு மடங்குக்கும் மேல். 1982 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நகர வைத்தியசாலைகளுக்கான புது முதலீட்டை நிறுத்தி வைத்துவிட்டு, தாய்லாந்து கிராமப்புற மாவட்ட வைத்தியசாலைகளைக் கட்டிற்று. அந்த அத்திவாரத்தின் மேலேதான் 2002 இல், வரிப்பணத்தைக் கொண்டு, முழு நாட்டுக்கும் சுகாதாரப் பாதுகாப்பை அளித்தது. முதலிலே வைத்தியர், பின்னரே அட்டை. வைத்தியர் இல்லாத ஊரிலே காப்புறுதி அட்டையைக் கொடுப்பது, கிணறு இல்லாத ஊரிலே வாளியைப் பங்கிடுவதற்கு நிகர். இந்தியாவின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 இலே தொடங்கிற்று; ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாவரை வைத்தியசாலையிலே தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுகிறது. ஆனால் ஏழையை நாளாந்தம் அரிக்கும் வெளிநோயாளர் மருந்துச் செலவு அதற்கு வெளியே நிற்கிறது. இலங்கையிலும் சுகாதாரத்துக்குச் செலவாகும் பணத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மக்கள் தம் மடியிலிருந்தே நேரே கொடுக்கின்றனர். இலவச சேவை தோற்றதன் அடையாளமாக இதனைக் காட்டுகின்றனர். பட்டினி போட்டு மெலிய வைத்தவனே, மெலிந்தவன் உழைக்கமாட்டான் என்று சொல்லி வீட்டை விட்டுத் துரத்துவதுபோன்ற வாதம் இது.

மருந்தின் கதையும் இதுவே. பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அளித்த அறிக்கையின் வழியே, மருந்துகளைத் தேர்ந்தெடுத்து, வணிகப் பெயரின்றி இரசாயனப் பெயராலே, அரசு ஒருங்கே மலிவாக வாங்கும் முறை வகுக்கப்பட்டது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அவருடைய கருத்தை வளர்முக நாடுகளுக்கு எடுத்துச் செல்ல ஐ.நா.வின் வாணிப அமைப்பு அவரை அழைத்துக்கொண்டது. அப்பணியிலிருந்தபோதே 1977 இல் கயானாவிலே அவர் காலமானார். இதுவன்றோ சர்வதேச உதவி! ஒரு சிறிய நாடு உலகுக்குக் கொடுத்தது. 1994 இலே தமிழ்நாடு நிறுவிய மருத்துவ சேவைக் கழகமும், அரசே ஒருங்கு கொள்வனவு செய்து இலவசமாக வழங்குவது சாத்தியமே என்பதை நிலைநாட்டிற்று. ஆயின் பிபிலேயின் தாயகத்திலே மருந்து ஒழுங்குமுறைக்கான தனி அதிகாரசபைச் சட்டம் வந்தது 2015 இலேதான். அதன் பின்னரும் தரங்கெட்ட இம்யூனோகுளோபியூலின் கொள்வனவு தொடர்பிலே முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியிற் கைதானார். நெருக்கடியைக் காட்டி அவசரக் கொள்வனவு, அவசரத்தைக் காட்டி மோசடி! வெளியார்மேல் மட்டும் பழிபோட்டுத் தப்பிக்க எமது ஆட்சியாளருக்கு இடமில்லை.

உதவியே தேவையில்லை என்று முழங்கும் தூய தேசியவாதிகளுக்கும் ஒரு வார்த்தை. உதவி எந்தத் திசையிலே ஓடுகிறதென்று எப்போதாவது கணக்குப் பார்த்தீர்களா? இலவசக் கல்வியிலே படித்து, ஏழையின் வரிப்பணத்திலே வைத்தியராகி, லண்டனிலும் மெல்பேணிலும் பணிபுரியும் ஒவ்வொருவரும், வறிய நாடு செல்வ நாட்டுக்கு அனுப்பிய நன்கொடை. சுகாதாரப் பணியாளரை ஆட்சேர்ப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010 இலே ஒரு நெறிக்கோவையை ஏற்றது. அதற்குக் கட்டுப்படுத்தும் வலுவில்லை. எனவே நாம் கேட்பது தயவன்று. திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கியையே கேட்கிறோம். புலம்பெயர்ந்த எம் உறவுகளுக்கும் அன்போடு இதையே சொல்வோம். நீங்கள் அனுப்பும் இயந்திரத்தைவிட, அதை இயக்குபவரை ஊரிலே நிறுத்துவதற்கான குரலே இன்று கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இவற்றையெல்லாம் கேட்க வேண்டிய மன்றம் எங்கே? 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணங்களுக்குக் கொடுத்தது. வட மாகாண சபை முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 2013 இலே. அதன் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாமல், ஆளுநரின் கீழ் அதிகாரிகளே நிருவாகம் நடத்தினர். உடலிலே எறிகணைத் துண்டுகளைச் சுமந்து வாழ்வோர், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர், அவயவம் இழந்தோர், காணாமற்போன பிள்ளையைத் தேடித் தேடி உறக்கமிழந்த தாய்மார் ஆகியோர் வாழும் மண்ணிலே, நாட்டுச் சராசரியை வைத்து ஆளணியைத் தீர்மானிக்க முடியாது. அதைச் சொல்வதற்குத் தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதி வேண்டும். 1931 இன் பாடத்தை மறுபடியும் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எமது கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். வெளிநாட்டுப் பணத்திலே கட்டப்படும் எந்த வைத்தியசாலைக்கும், அடிக்கல் நாட்டுமுன் ஆளணியும் அதற்கான ஆண்டுச் செலவும் ஒதுக்கப்பட வேண்டும். ஒப்பந்தங்கள் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். கடன் மீட்பின் பெயரால் சுகாதாரத்தின் நாளாந்தச் செலவில் ஒரு சதமும் குறைக்கப்படலாகாது. கடன் கொடுத்தோர் அதற்கேற்பத் தம் பாக்கியைத் தள்ளுபடி செய்ய வேண்டும். மருந்துக் கொள்வனவின் ஒவ்வொரு கேள்விப்பத்திரமும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். எமது வைத்தியரை எடுத்துக்கொள்ளும் நாடுகள் அவர்களின் பயிற்சிச் செலவை ஈடுசெய்ய வேண்டும். தோட்டப்புறச் சுகாதாரம் முழுமையாக அரச சேவையாக வேண்டும். மாகாண சபைக்குத் தேர்தல் வேண்டும். ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலைக்கும், போரிலே ஊனமுற்றோரும் பெண்களும் கூலித் தொழிலாளரும் அமர்ந்து கேள்வி கேட்கும் குழு வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, 2009 இலே வைத்தியசாலைகளைத் தாக்கியோர் யாரென்பது விசாரிக்கப்பட வேண்டும். வன்னியிலே தண்டிக்கப்படாத குற்றம் பின்னர் காஸாவரை சென்றதை உலகம் கண்டது. வைத்தியசாலையைக் கட்டித் தரும் கை, அதை இடித்தவனைப் பற்றிக் கேட்கவும் கடமைப்பட்டது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இலவசக் கல்வியின் பிள்ளைகள் நீங்கள்; இலவச சுகாதாரம் அதன் உடன்பிறப்பு. ஒன்றை வெட்டும் கத்தி மற்றதையும் விட்டுவைக்காது. உங்கள் ஊர் வைத்தியசாலையிலே ஒதுக்கப்பட்ட பதவிகள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, சென்ற மாதத்திலே இல்லாமற்போன மருந்துகள் எவை என்று எண்ணத் தொடங்குங்கள். அந்தக் கணக்கை எழுதிச் சந்தியிலே ஒட்டுங்கள். பிரதேச சபையிலே வாசியுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் எம் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உடையார்கட்டின் மக்களை ஒருமுறை அதிகாரம் குறைத்து எண்ணிற்று. அதன் விலையை அவர்கள் உயிராற் செலுத்தினர். இனி எண்ணும் வேலையை நாமே செய்வோம்.